ஆறு பாலம், ஏழு தீவு: பாத்தாமிலிருந்து கலாங் பாரு வரை காரில் போக வழி சொல்லுங்கள்

ஈசூன்_மகன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோட சிங்கப்பூரிலிருந்து படகில் இந்தோனீசியாவின் பாத்தாம் தீவுக்குப் போறோம். நான், மனைவி, தொடக்கநிலை 5 படிக்கிற மகள், அப்பா, அம்மா. மால், மசாஜ், நண்டு சாப்பாடுன்னு சுத்திட்டு வர்ற பயணம் இந்தத் தடவை வேண்டாம். அப்பாவுக்கு 68 வயசு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரர். பாம்பன் சாலைப் பாலத்துக்குத் தூண் இறக்கும்போது கரையில் நின்னு பார்த்தவர். கடலுக்கு மேல போற பாலம்னா அவருக்கு உயிர். பாத்தாமுக்குத் தெற்கே ஆறு பாலம் போட்டு ஏழு தீவைக் கோத்திருக்காங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதிலிருந்து தினமும் கேட்கிறார்.

ஒரே நாளில் முடியுமா, தங்கணுமா? நானே ஓட்டலாமா? அம்மா சைவம், முட்டிவலியும் இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பைக்_பாண்டி:
தம்பி, சரியான இடத்தைத்தான் அப்பா பிடிச்சிருக்கார். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அங்கே வாடகைக்கு பைக் எடுத்து ஓட்டுறவன் நான். தெரிஞ்சதைச் சொல்றேன்.

பாத்தாம், ரெம்பாங், கலாங் மூணு பேரையும் வெட்டி ஒட்டினதுதான் 'பாரெலாங்'. (நம்ம ஊர் காலாங் வேற, இது கலாங். குழப்பிக்காதீங்க.) நடுவில் தொந்தோன், நிப்பா, செத்தோக்கோன்னு மூணு சின்னத் தீவு, கடைசியில் கலாங் பாரு. ஆக ஏழு. பின்னாடி இந்தோனீசிய அதிபரான ஹபிபி, பாத்தாம் வளர்ச்சி வாரியத் தலைவரா இருந்தப்போ 1992இல் பாலம் கட்ட ஆரம்பிச்சு, தொண்ணூறுகளின் கடைசியில் முடிச்சாங்க.

முதல் பாலம்தான் எல்லாப் படத்திலும் வரும். கம்பிவடம் இழுத்துக் கட்டினது, 642 மீட்டர். நடுவில் 350 மீட்டருக்குத் தூணே கிடையாது. அப்புறம் வரிசையா 420, 270, 365, 385, 180. கூட்டிப் பாருங்க, 2,262 மீட்டர். பாம்பன் சாலைப் பாலம் ஒண்ணே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்தானே? அப்பாகிட்ட சொல்லுங்க, அவருக்குக் கணக்குப் பிடிக்கும்.

முதல் பாலத்திலிருந்து கடைசி வரைக்கும் சுமார் 50 கிமீ. நம்ம ஊரில் இந்தக் கோடி துவாஸிலிருந்து அந்தக் கோடி சாங்கி போற தூரம்னு வெச்சுக்கலாம். நிக்காமப் போனா ஒரு மணி நேரம். ஆனா நிக்காமப் போறதுக்கு அங்கே போகவே வேண்டாம்.

நீங்களே ஓட்டுறதுன்னா, ஆசியான் நாடுகள் ஒருத்தர் உரிமத்தை ஒருத்தர் ஏத்துக்கிற 1985 ஒப்பந்தம் இருக்கு, சாலையிலும் நம்மளைப் போல இடப்பக்கம்தான். இருந்தும் வயசானவங்களோட போறதால ஓட்டுநரோட வண்டி எடுங்க. அங்கே எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க. நீங்களும் கடலைப் பார்க்கலாம்.

மரீன்பரேட்_மணி:
முதல் பாலம் போதும்னு என் எண்ணம். போன வருஷம் கடைசி வரை போனோம். ரெண்டு பக்கமும் செம்மண், புதர், அங்கங்கே ஒரு கடை. பாலம் ரெண்டும் மூணும் எப்போ வந்துச்சு எப்போ போச்சுன்னே தெரியல. பிள்ளைங்க தூங்கிட்டாங்க. அரை நாள் பாலம், அரை நாள் கடை வீதின்னு வெச்சா பெரியவங்களுக்கும் அலுப்பு இருக்காது.

பைக்_பாண்டி:
மணி அண்ணே, நீங்க எத்தனை மணிக்குப் போனீங்க?

மரீன்பரேட்_மணி:
மதியம் 1 மணிக்குப் பாலம் தாண்டினோம்.

பைக்_பாண்டி:
அதான் அண்ணே. உச்சி வெயிலில் அந்தச் சாலை வெள்ளையா வெறிச்சோடித்தான் இருக்கும். காலை 8 மணிக்கு ரெண்டாவது பாலத்தில் நின்னு பாருங்க. கீழே அலையாத்திக் காட்டுக்குள்ள தண்ணி ஏறிட்டிருக்கும். கடலில் கால் ஊன்றின கேலோங் மீன்பிடி வீடுகள் தூரத்தில் தெரியும், ஒரு சின்னப் படகு டுப்புடுப்புன்னு சத்தம் போட்டுக்கிட்டுப் போகும். ஐந்தாவது பாலம் வளைவுப் பாலம். மேலே போகும்போது தெரியாது, இறங்கிப் பக்கவாட்டில் பார்த்தால்தான் அந்த வளைவு தெரியும். அங்கே எத்தனை பேர் வண்டியை நிறுத்துறாங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, பாலங்களோட பேர். பலகையில் ஒண்ணு ரெண்டுன்னு எண் போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு. முதல் பாலம் தெங்கு ஃபிசாபிலில்லாஹ், 1784இல் மலாக்காவில் டச்சுக்காரங்களை எதிர்த்துச் சண்டையில் இறந்தவர். மூணாவது ராஜா அலி ஹாஜி, மலாய் மொழிக்கு இலக்கணம் எழுதிய பெஞெங்காட் தீவுப் பெரியவர். அவர் ஃபிசாபிலில்லாஹ்வோட பேரன். தாத்தா பேர்ல ஒரு பாலம், பேரன் பேர்ல ஒரு பாலம். மகளுக்கு வண்டியிலேயே சொல்லிட்டுப் போங்க, தூங்க மாட்டா.

தேபான்_அக்கா:
பெண்கள் கவனிக்கிற விஷயத்தை நான் சொல்றேன். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாம் சென்டருக்குப் படகு சுமார் ஒரு மணி நேரம், செக்குப்பாங்குக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சல். நீங்க பாத்தாம் சென்டருக்கே போங்க. அங்கிருந்து முதல் பாலம் 20 கிமீ போல. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்குக் குறையாமச் செல்லணும், எல்லாரோடதையும் இப்பவே எடுத்துப் பாருங்க. வீட்டில் யாராவது இந்தியக் குடிமக்கள்னா விசா விதியை இந்தோனீசியக் குடிநுழைவு இணையத்தளத்தில் பார்த்துட்டு டிக்கெட் வாங்குங்க.

நேரம்! அங்கே நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னால. நாங்க முதல் தடவை போனப்போ வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தை மாத்தலை. கலாங் முகாமில் பாதிகூடப் பார்க்கலை, "படகுக்கு நேரமாச்சு, கிளம்பு கிளம்பு"ன்னு பிள்ளைகளை இழுத்துக்கிட்டு ஓடி வந்தோம். படகுத்துறைக்கு வந்தா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. அந்த ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இன்னிக்கும் எனக்கு அது ஆறலை. பெரிய கைக்கடிகாரம் கட்டியிருக்கிற எல்லாரையும் படகிலேயே மாத்தச் சொல்லுங்க.

வண்டி எடுக்கும்போது உபரி டயரைத் திறந்து காட்டச் சொல்லணும். எங்களுக்கு ரெம்பாங் நடுவில் டயர் போச்சு, உபரி டயரில் காத்தே இல்லை. எந்த நிறுவனம்னு சொல்ல வேண்டாம், எல்லாரும் பார்த்துக்கிட்டா போதும். பெட்ரோலும் பாத்தாமிலேயே நிரப்பிடுங்க.

அம்மாவுக்குச் சாப்பாடு: தெம்பே, தாஹு (ரெண்டும் சோயாவில் செய்றது), காடோ-காடோ (வேர்க்கடலைச் சாறு ஊத்தின காய்கறி) எங்கேயும் கிடைக்கும். ஆனா சம்பலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும், அங்கே அதுக்குப் பேர் தெராசி. "தன்பா தெராசி, தன்பா இக்கான்"னு (தெராசி வேண்டாம், மீன் வேண்டாம்) சொல்லணும். அதோட ஒரு தயிர்சாதப் பொட்டலமும் கையில் இருக்கட்டும். அசைவம் சாப்பிடுறவங்க கொங்கொங் சங்கு சாப்பிடாம வராதீங்க. வேக வெச்சு அப்படியே தட்டில் கொட்டுவாங்க. குச்சியால குத்தி, திருகி இழுக்கணும், நேரா இழுத்தா அறுந்துடும்.

ஈசூன்_மகன்:
பாண்டி அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. பால நீளத்தை அப்பாகிட்ட சொன்னேன். நாலு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "ஒண்ணா இருந்தா ஒரே பயம், ஆறா இருந்தா ஆறு தடவை சந்தோஷம்"னார்.

அக்கா, 'கலாங் முகாம்'னு சொன்னீங்களே, அது என்ன? மகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

செம்பவாங்_தாத்தா:
தம்பி, அதை நான் சொல்றேன். வியட்நாம் போர் முடிஞ்ச பிறகு லட்சக்கணக்கான பேர் சின்னச் சின்னப் படகுகளில் கடலில் இறங்கினாங்க. இந்தோனீசியாப் பக்கம் ஒதுங்கினவங்களுக்கு 1979இல் கலாங் தீவில் முகாம் திறந்தாங்க. 1996இல் மூடுற வரைக்கும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அது வழியாப் போனாங்க. அங்கேயே பள்ளிக்கூடம், மருத்துவமனை, பகோடா, மாதா கோயில் எல்லாம் இருந்துச்சு.

நம்ம ஊரிலும் ஒரு முகாம் இருந்தது. நிறைய பேருக்குத் தெரியாது. செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் ரோடு, 1978லேர்ந்து 1996 வரைக்கும். பழைய பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு. வேற ஒரு நாடு எடுத்துக்கிறேன்னு உறுதி கொடுத்தால்தான் இங்கே இறங்க விடுவாங்க, அதுவும் 90 நாளுக்குள்ள அனுப்பிடணும். நான் அப்போ கப்பல் பட்டறையில் வேலை. சைக்கிளில் அந்த வழியாத்தான் வீட்டுக்கு வருவேன். வேலிக்கு உள்பக்கம் ஒரு பையன் தினமும் நிப்பான், என் சைக்கிள் மணியை அடிச்சுக் காட்டச் சொல்வான். ஒரு நாள் அவன் இல்லை. எந்த நாட்டுக்குப் போனானோ.

அந்த இடத்தில் இப்போ ஒண்ணும் இல்லை. கலாங்கில் இருக்கு. மகளைக் கூட்டிட்டுப் போங்க. பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியும்.

மரீன்பரேட்_மணி:
ஐயா சொன்ன ஹாக்கின்ஸ் ரோடு விஷயம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நாங்க முகாம் வாசல் வரைக்கும் போனோம். குரங்குக் கூட்டத்தைப் பார்த்து மனைவி இறங்க மாட்டேன்னுட்டாங்க. திரும்பிட்டோம்.

பைக்_பாண்டி:
குரங்கு நிறைய இருக்கும், உண்மைதான். கையில் பை, பழம், பொட்டலம் எதுவும் தெரியக்கூடாது. ஜன்னலை ஏத்திட்டுப் போங்க. உள்ளே ஒவ்வொரு இடத்துக்கும் வண்டியிலேயே போகலாம், முட்டிவலிக்காரங்களுக்கும் கஷ்டம் இல்லை.

தீவகத்துப்பெண்:
இந்த இழையை மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். எழுதாமல் இருக்க முடியேல்லை.

நான் புங்குடுதீவு. எங்கட ஊரும் இப்பிடித்தான், தீவுக்குத் தீவு கடலுக்கு நடுவால றோட்டு. யாழ்ப்பாணத்திலயிருந்து பண்ணைப் பாலம், பிறகு வேலணை, பிறகு வாணர் பாலம். ரெண்டு பக்கமும் தண்ணி, காத்து சேலையைப் பறிச்சுக்கொண்டு போகும். 1990இல சண்டை திரும்பத் துவங்கேக்க எனக்கு ஒன்பது வயசு. இரவில வள்ளத்தில ஏத்தினவை. விடியேக்க ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

பாரெலாங் றோட்டில முதல் தரம் போகேக்க ஊர் றோட்டில போற மாதிரித்தான் இருந்தது. நாலாவது பாலத்தில அழுதிட்டன். கூட வந்த சிநேகிதிக்கு ஏனெண்டு விளங்கேல்லை.

கலாங்கில கண்காட்சி மண்டபத்தில முகங்கள் இருக்கு. சின்னச் சின்னப் படங்கள், வரிசை வரிசையா. அவசரப்படாமல் ஒவ்வொண்டாப் பாருங்கோ. வெளியில ஆக்கள் வந்த வள்ளங்களை ஏத்தி வச்சிருக்கினம். போற வழியில மயானம் இருக்கு, 503 கல்லறை. கனபேர் வந்து சேர்ந்த பிறகு, கரையில கால் வச்ச பிறகு, நோயிலயும் களைப்பிலயும் செத்தவை. வன்கொடுமைக்கு ஆளாகி, முகாமில தன்ர உயிரை மாய்ச்ச ஒரு பெண்ணுக்காக ஒரு சிலையும் இருக்கு. மகளுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு நீங்கள் யோசிச்சு வையுங்கோ. ஆனால் கடந்து போயிடாதேங்கோ.

1989க்குப் பிறகு வந்த ஆக்களை விசாரிச்சு, நீ அகதி, நீ அகதி இல்லை எண்டு பிரிச்சவை. இல்லை எண்டு சொன்ன ஆக்களைத் திருப்பி அனுப்பினவை. எத்தினையோ வருசம் பாயிலயிருந்து காத்திருந்து, பிறகு அந்த ஒரு சொல். அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

படம் எடுக்கிற பாலத்துக்கு ஒரு மணித்தியாலம் குடுத்தால் கலாங்குக்கு மூண்டு மணித்தியாலம் குடுங்கோ தம்பி. இதைத்தான் சொல்ல வந்தனான்.

ஈசூன்_மகன்:
அக்கா, உங்க பதிவை வீட்டில் சத்தமா வாசிச்சேன். திட்டத்தை மாத்திட்டோம். ஒரு இரவு தங்கப் போறோம். முதல் நாள் மதியப் படகு, பாத்தாமில் தூக்கம். மறுநாள் காலை 7 மணிக்குக் கிளம்பி நேரா கடைசி வரை போயிட்டு, திரும்பி வரும்போது முகாம், ரெம்பாங்கில் சாப்பாடு, சாயங்காலம் முதல் பாலம், ராத்திரிப் படகு. சரியா வருமா?

பைக்_பாண்டி:
ஒரே ஒரு திருத்தம். முகாமைக் காலையிலேயே முடிங்க, கடைசிப் பாலத்தை மதியத்துக்குத் தள்ளுங்க. வெயில் ஏறிட்டா அம்மா வண்டியை விட்டு இறங்க மாட்டாங்க. களைப்புத் தீர மேலூர் கடற்கரையில் உட்காருங்க, அதுவும் கலாங்கில்தான். முதல் பாலம் சாயங்காலம்னா ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பாத்தாம் ஊரே சோளம் சுட்டுத் தின்னுக்கிட்டு அங்கேதான் நிக்கும், வண்டி நகராது.

தேபான்_அக்கா:
ரெம்பாங்கில் சாலையோரத்தில் டிராகன் பழத் தோட்டம் இருக்கு, புவா நாகான்னு கேளுங்க. ரோஜாச் சிவப்பு உள்ள இருக்கிறதை வாங்கணும். வெள்ளையில் ருசி இல்லை.

செம்பவாங்_தாத்தா:
ரெம்பாங் வழியாப் போகும்போது ஒண்ணு நினைவில் வெச்சுக்குங்க. அங்கே பழைய மலாய்க் கிராமங்கள் இருக்கு. தொழில் நகரத் திட்டத்துக்காக ஊரைக் காலி பண்ணச் சொன்னதை எதிர்த்து 2023 செப்டம்பரில் பெரிய போராட்டம் நடந்தது, கண்ணீர்ப்புகை எல்லாம் போட்டாங்க. பதாகை கட்டியிருந்தா அதுக்கு முன்னால் நின்னு சிரிச்சுப் படம் எடுக்காதீங்க. டிரோன் பறக்க விடாதீங்க. அவங்க கடையில் ஒரு இளநீர் குடிச்சு நாலு வார்த்தை பேசினா அதுவே மரியாதை. போருக்குப் பிறகு சரணடைஞ்ச ஜப்பானியச் சிப்பாய்களையும் ஊருக்கு அனுப்புற வரைக்கும் இந்தத் தீவுகளில்தான் வெச்சிருந்தாங்க. எங்கேயோ போகவேண்டிய மனுஷங்க வந்து காத்திருந்த தீவுகள் தம்பி இது.

ஈசூன்_மகன்:
போயிட்டு வந்துட்டோம். ரெண்டு வாரமா எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

காலை 7.20க்கு முதல் பாலம். அப்பா நடக்கணும்னார். ஓரத்து நடைபாதையில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடுப்பகுதி வரைக்கும் போய், வடம் பாலத்தோட சேர்ற இடத்தைக் குனிஞ்சு பார்த்தார். லாரி போனப்போ தளம் மெல்ல அதிர்ந்தது. "அதிரணும், அதிராத பாலம்தான் உடையும்"னு மகளுக்குச் சொன்னார். ரெண்டும் மூணும் சட்சட்டுனு வந்துடுச்சு. மகள் பேரைச் சொல்லிச் சொல்லி எண்ணினாள்.

முகாமுக்கு 9 மணிக்குப் போயிட்டோம். வாசலில் குரங்குகள், பாண்டி அண்ணன் சொன்ன மாதிரியே ஜன்னலை ஏத்தினோம். மயானத்தில் மனைவியும் மகளும் இறங்கி வரிசையா நடந்தாங்க. சின்னக் கல்லறைகள் நிறைய. மகள் கொஞ்ச நேரத்தில் எண்றதை நிறுத்திட்டா. வண்டிக்கு வந்து பாட்டி மடியில் படுத்துக்கிட்டா, ஒண்ணும் கேட்கலை. சிலை கிட்ட நான் சொன்னேன், அவளுக்குப் புரியுற அளவுக்கு.

படகுகள் கிட்டத்தான் அப்பா ரொம்ப நேரம் நின்னார். நான் கூப்பிடப் போனேன், கையைக் காட்டி நிறுத்திட்டார். பக்கத்தில் காலடி வெச்சு நீளத்தை அளந்தார். திரும்பி வந்து அகலத்தையும் அளந்தார். எங்க தாத்தா மீன்பிடிக்கப் போனவர், அப்பாவுக்குப் படகு தெரியும். "இதில் வலையை ஏத்தி எட்டுப் பேர் போவோம்டா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் கண்காட்சி மண்டபத்தில் முகங்களை ஒவ்வொண்ணா, கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். நாங்க வெளியே வந்தப்போ மணி 12.30. கடிகாரத்தைப் படகிலேயே மாத்திட்டோம் அக்கா, கவலைப்படாதீங்க.

மேலூரில் அம்மா தயிர்சாதம் சாப்பிட்டாங்க. கடைக்காரம்மா "தன்பா தெராசி"ன்னதும் சிரிச்சுட்டு, சம்பலைத் தனியாவே அரைச்சுக் கொடுத்தாங்க.

ஆறாவது பாலம் சின்னது, பெரிய காட்சின்னு ஒண்ணும் இல்லை. தாண்டிப் போனதும் சாலை மெலிஞ்சுக்கிட்டே போய் ஒரு கரையில் நின்னுடுச்சு. அப்பா ஓட்டுநரிடம் பட்டறையில் கத்துக்கிட்ட மலாயில், இன்னும் போகுமான்னு கேட்டார். "சுடா ஹாபிஸ், பாக். லாவுட் சாஜா"ன்னார் அவர். முடிஞ்சுது ஐயா, இனிமே கடல்தான். அப்பா செருப்பைக் கழட்டிட்டு முழங்கால் தண்ணி வரை இறங்கி நின்னார்.

மணி அண்ணே, பிள்ளைங்களை மறுபடி கூட்டிட்டுப் போங்க. வேணும்னா நானும் வர்றேன்.

மரீன்பரேட்_மணி:
டிசம்பரில் போறோம் தம்பி. மனைவிகிட்ட பேசிட்டேன்.

பைக்_பாண்டி:
டிசம்பர்ல மழையும் அலையும் அதிகம் அண்ணே. மார்ச் விடுமுறைக்குத் தள்ளுங்க.

தீவகத்துப்பெண்:
அப்பாவுக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ. மண்டபத்தில எந்தப் பக்கம் எண்டு கேட்டுச் சொல்லுவீங்களோ?

ஈசூன்_மகன்:
கேட்டேன் அக்கா. மண்டபம் கேம்ப் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தானாம் எங்க வீடு. அப்பா 1991இல்தான் சிங்கப்பூர் வந்தார். அதுக்கு முந்தின வருஷம் படகில் வந்தவங்களுக்குப் பாட்டி தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போவாங்களாம், அப்பாதான் கூடத் தூக்கிட்டுப் போனவராம். உங்ககிட்ட பேசணும்னு சொல்றார். தனிமடல் அனுப்பியிருக்கேன், பாருங்க.